நட்சத்திரத்தின் மூக்குத்தி

“நம்முடைய சூரியனுக்குக் கிரகங்கள் இருப்பதுபோல் மற்ற நட்சத்திரங்களுக்கும் இருக்கின்றன, ஆறாயிரத்துக்கு மேல் கண்டுபிடித்தாயிற்று என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். அவற்றில் ஒன்றையாவது யாராவது பார்த்ததுண்டா? இல்லை, எல்லாமே காகிதத்தில் போட்ட கணக்குத்தானா?” என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், “கணக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார்” என்று ஒரு வரி வேறு.

குடும்பத்தில் கலகம் மூட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. அவர் சொல்லாமல் விட்ட கொஞ்சத்தில்தான் சுவாரசியம் அத்தனையும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? வாசலில் கூடுதலாக ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. காலையில் இரண்டு பாக்கெட் பால் அதிகமாக வாங்குகிறார்கள். விருந்தாளியின் முகத்தை நாம் பார்க்கவில்லை. ஆனால் வந்திருப்பது நிச்சயம். வான சாஸ்திரிகளும் இப்படித்தான் செய்கிறார்கள். 1995-ஆம் வருஷம் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் மேயர், டிடியே கெலோ என்ற இருவர் ஒரு நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் அசைவதைக் கவனித்து, அதைச் சுற்றி ஒரு கிரகம் ஓடுகிறது என்று சொன்னார்கள். அதற்காக 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிற்பாடு, கிரகம் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு துளி குறைவதைக் கவனித்து ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தார்கள். எல்லாம் வாசல் செருப்புக் கணக்கு. விருந்தாளியின் முகத்தையே காமிராவில் பிடித்தது நூறு தடவைகூட இல்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? இரவு நேரத்தில் தெருவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு லாரி இரண்டு விளக்குகளையும் முழுசாகப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த விளக்கை ஒட்டினாற்போல ஒரு பெண் நிற்கிறாள். அவள் மூக்கில் ஒற்றைக் கல் மூக்குத்தி. அது மின்னுகிறதா, மின்னினால் கல் வைரமா கெம்பா என்று நீங்கள் இங்கிருந்தே சொல்ல வேண்டும்! நம் சூரியனுடைய பிரகாசத்தில் வியாழன் நூறு கோடியில் ஒரு பங்குதான். பூமியோ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நல்லவேளையாக, புதிதாகப் பிறந்த பெரிய கிரகங்கள் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி வெகுநாள் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டினால் அகச்சிவப்பு ஒளியில் அவை கொஞ்சம் பளிச்சென்று தெரியும். அப்போதும் அவற்றின் பிரகாசம் நட்சத்திரத்தின் பிரகாசத்தில் மிக மிகச் சிறிய பங்குதான்.

அகச்சிவப்பு என்று சொன்னதால் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, “கண்ணால் பார்த்ததுண்டா?” என்று வாசகியின் வீட்டுக்காரர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பார்ப்பது காமிராதான்.

பிரகாசம் ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. காற்று!

தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் அதற்கு மேலாகப் பாருங்கள். பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் நெளிகிறது. காலண்டர் நெளியவில்லை, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளுவதால் அதன் வழியே வரும் வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. ஆகாயம் முழுவதும் இதே கதைதான். ஒரு சாண் அகலத்துக்கு ஒரு விதமாகவும், அடுத்த சாணுக்கு வேறு விதமாகவும் காற்றுத் துண்டுகள் மிதந்து போகின்றன. பல கோடி மைல்கள் நேராக வந்த நட்சத்திர ஒளி கடைசிச் சில மைல்களில் தள்ளாடிப் போகிறது. குழந்தைகள் பாடி மகிழும் நட்சத்திர மினுமினுப்பு இதுதான். வெள்ளியும் வியாழனும் மட்டும் மினுக்காமல் நிற்பதை மொட்டை மாடியில் கவனித்திருப்பீர்கள். அவை நமக்கு அருகில் இருப்பதால் கொஞ்சம் தட்டுப்போல அகலம் உண்டு. ஒரு பக்கம் மங்கும்போது இன்னொரு பக்கம் பிரகாசித்து, மொத்தத்தில் சரிக்குச் சரியாகிவிடும். நட்சத்திரம் வெறும் புள்ளி. அதற்கு அந்தச் சௌகரியம் இல்லை.

பாடுவதற்கு அழகான இந்த மினுமினுப்பு வான சாஸ்திரிக்குப் பரம சத்துரு. டெலஸ்கோப்பை எத்தனை பெரிதாகக் கட்டினாலும், புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரம் தண்ணீரில் நனைந்த மைப்பொட்டு மாதிரி பரவி விழும். பக்கத்திலிருக்கும் கிரகம் அந்தப் பரவலுக்குள்ளேயே மறைந்து போகும். இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, உயர்ந்த மலைகளின் உச்சிக்குப் போய் அமைதியான காற்றைத் தேடுவதுதான் வழி என்று 1704-ல் வெளியான தம் ஒளியியல் புத்தகத்தில் நியூட்டனே கையை விரித்துவிட்டார். அடுத்த இருநூற்றைம்பது வருஷம் எல்லோரும் மலையேறிக்கொண்டிருந்தார்கள்.

1953-ல் அமெரிக்காவில் ஹோரேஸ் பாப்காக் என்ற வான சாஸ்திரி ஒரு விபரீதமான யோசனையை வெளியிட்டார். காற்று ஒளியைக் கோணலாக்கினால், அதற்கு நேர் எதிர்க்கோணலாக ஒரு முகக் கண்ணாடியை நெளித்து வைத்தால் என்ன? கோணலும் எதிர்க்கோணலும் சேர்ந்தால் நேராகிவிடாதா? கண்ணாடியின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைப் பூசி, எலெக்ட்ரான் கதிரால் அந்தப் படலத்தைத் தேவையான இடத்தில் மேடு பள்ளமாக்கலாம் என்று வழியும் சொன்னார். காற்று ஒரு நொடி நிற்பதில்லையே, மாறிக்கொண்டே இருக்குமே என்றால், எண்ணெயும் கூடவே மாறிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட அன்றைக்கு யந்திரம் கிடையாது. யோசனை காகிதத்திலேயே தங்கியது.

பிறகு அதைத் தேடி எடுத்தவர்கள் ராணுவத்தார். பிற நாட்டுச் செயற்கைக் கோள்களைத் தரையிலிருந்து தெளிவாகப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. லேசர் கதிரால் ஆகாயத்தில் ஒரு போலி நட்சத்திரத்தையே உண்டாக்கி அதை வைத்துக் காற்றை அளக்கும் யுக்தியும் அமெரிக்காவில் அப்போதுதான் உருவாயிற்று. அந்த ஆலோசனைக் குழுவில் கிளேர் மாக்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் இருந்தார். வாய் திறந்து வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது! 1991-ல் அரசாங்கம் ரகசியத்தைக் கைவிட்ட பிறகு, அதே கிளேர் மாக்ஸ் கலிபோர்னியாவின் லிக் வானாராய்ச்சி நிலையத்தில் லேசர் நட்சத்திரத்தை ஏற்றி வைத்தார். இதற்குள் ஐரோப்பியர்கள், யாருடைய ரகசியத்துக்கும் காத்திராமல், பிரான்ஸ் தேசத்தில் 1989-லேயே நெளியும் கண்ணாடியை ஒரு டெலஸ்கோப்பில் பொருத்திக் காட்டிவிட்டார்கள்.

இந்த வித்தை நம் வீட்டுப் பக்கமும் வந்திருக்கிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையை வெளியிலிருந்து பார்க்கும் டாக்டருக்கும் இதே தொல்லைதான். நடுவில் இருக்கும் நம் கண் வில்லையே கோணல் மாணலானது. 1997-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் நெளியும் கண்ணாடியை வைத்து, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் உள்ள உயிரணுக்களைத் தனித்தனியாகப் படம் பிடித்தார்கள். நட்சத்திரத்துக்குச் செய்தது நேத்திரத்துக்கும் ஆயிற்று.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். ‘ஜெமினி பிளானட் இமேஜர்’ என்று அதற்குப் பெயர். கிரகங்களைப் படம் பிடிப்பதற்கென்றே செய்த கருவி. ஒரு சின்ன மோட்டார் கார் அளவு இருக்கும். தென் அமெரிக்காவில் சிலி தேசத்துச் செர்ரோ பச்சோன் மலையில், சுமார் 8,900 அடி உயரத்தில், ஜெமினி சவுத் என்ற டெலஸ்கோப் இருக்கிறது. அதன் முகப்புக் கண்ணாடியின் குறுக்களவு 8.1 மீட்டர், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடே அதற்குள் அடங்கும். அந்த டெலஸ்கோப்பின் அடியில் 2013-ல் இந்தக் கருவியை மாட்டினார்கள்.

இதன் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு தபால் தலை அளவேயுள்ள சிலிக்கன் தகட்டில். கோலம் போடுகிற சகோதரிகளுக்கு இதைச் சொல்வது எளிது. 64 புள்ளி, 64 வரிசை. நேர்ப் புள்ளிக் கோலம். மொத்தம் 4,096 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் கீழும் மின்சாரத்தால் அசையும் ஒரு நுண்ணிய கை. அந்தக் கைகளுக்கு மேலே பளபளவென்று ஒரு மெல்லிய கண்ணாடிப் பரப்பு. கைகள் இழுக்க இழுக்க, பரப்பு அங்கங்கே குழிந்து எழும்பும். எவ்வளவு என்றால், தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இத்தனையும் ஒரு விநாடிக்கு ஆயிரம் தடவை நடக்கிறது. நாம் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் கோலத்தை நூறு தடவைக்கு மேல் அழித்துப் போட்டாகிவிடும்!

இந்தச் சின்னக் கண்ணாடியால் பெரிய நெளிசல்களைச் சமாளிக்க முடியாது. அதற்கென்று இன்னொரு கண்ணாடி முன்னால் நிற்கிறது. அது கொஞ்சம் பெரியது, நிதானமானது. ரேடியோப் பெட்டியில் கனத்த சுருதிக்கு ஒரு ஒலிபெருக்கியும், கீச்சுச் சுருதிக்கு ஒரு ஒலிபெருக்கியும் வைப்பதில்லையா? விஞ்ஞானிகளும் அதே பெயர்களையே இவற்றுக்கு வைத்துவிட்டார்கள்: பெரியது ‘ஊஃபர்’, சிறியது ‘ட்வீட்டர்’.

எங்கே குழிய வேண்டும், எங்கே எழும்ப வேண்டும் என்று கண்ணாடிக்கு யார் சொல்வது? அதற்குத்தான் ஒற்றன் ஒருவன் வேண்டும். பணியாரக் கல்லின் குழிகள் மாதிரி வரிசை வரிசையாகக் குட்டி லென்ஸ்களைப் பதித்து, நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு பகுதியை அதன் மேல் விழச் செய்கிறார்கள். ஒவ்வொரு குழியும் தனித்தனியே ஒரு ஒளிப்புள்ளியை விழவைக்கும். காற்று கோணலாக்கிய இடத்தில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழும். எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக் கணக்குப் போட்டு, கண்ணாடிக்கு உத்தரவு கொடுக்கிறது. இங்கே லேசர் நட்சத்திரம் எல்லாம் கிடையாது. எந்த நட்சத்திரத்தின் கிரகத்தைத் தேடுகிறார்களோ, அந்த நட்சத்திரத்தின் ஒளியே காற்றையும் காட்டிக்கொடுக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சங்கடம் இதிலிருந்துதான் வருகிறது.

காற்றின் தொல்லை தீர்ந்தபின் லாரி விளக்கு பாக்கி. அதை நாம் என்ன செய்வோம்? கையை நீட்டி விளக்கை மட்டும் மறைத்துக்கொண்டு பக்கத்தில் பார்ப்போம். பிரான்ஸைச் சேர்ந்த பெர்னார் லியோ என்பவர் 1930 வாக்கில் சூரியனுக்கு இப்படி ஒரு மறைப்பைச் செய்து, கிரகணம் இல்லாத நாளிலேயே சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் பார்த்தார். அதன் பேரப்பிள்ளை ஒன்றுதான் இந்தக் கருவிக்குள்ளும் இருந்து நட்சத்திரத்தை மறைக்கிறது. மிச்சமாக ஒழுகி வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியையும் வானவில்லாகப் பிரித்துப் பார்க்க வேறொரு பகுதி. வைரமா கெம்பா என்று சொல்வது அந்தப் பகுதியின் வேலை.

2013 நவம்பரில் முதல் பரீட்சை. பீட்டா பிக்டோரிஸ் என்ற நட்சத்திரத்தின் கிரகத்தை ஒரே நிமிஷத்தில் படம் பிடித்தது. இது ஏற்கெனவே தெரிந்த கிரகம்தான். ஆன்-மாரி லக்ராஞ்ஜ் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் 2008-ல் கண்டு சொன்னது. அதே 2008-ல் எச். ஆர். 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கிரகங்களை நேரே படம் பிடித்திருந்தார்கள். 2010-ல் நான்காவதும் சேர்ந்தது. வருஷத்துக்கு வருஷம் எடுத்த படங்களைக் கோத்து ஓட்டினால், நான்கும் தட்டாமாலை சுற்றுவது சினிமாப் போலத் தெரிகிறது. வாசகியின் வீட்டுக்காரருக்கு இதைக் காட்டினால் போதும்.

தெரிந்ததைப் பார்த்தாயிற்று, தெரியாததைப் பார்க்க வேண்டாமா? ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிலிருந்த புரூஸ் மாக்கின்டாஷ் தலைமையில், 600 இளம் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்று 2014 நவம்பரில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த மறு மாதமே அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. 51 எரிடானி என்ற நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒரு பொட்டு! அதிலிருந்து வந்த ஒளி, முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் அங்கிருந்து புறப்பட்டது. தூரம் சுமார் 97 ஒளியாண்டு. நட்சத்திரத்துக்கும் பொட்டுக்கும் இடையே தெரிந்த இடைவெளி எவ்வளவு என்றால், பத்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். பிரகாசமோ நட்சத்திரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

1995-ல் ஆரம்பித்த செருப்புக் கணக்கில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. அந்தப் பொட்டின் ஒளியை வானவில்லாக விரித்தபோது அதில் மீத்தேன் வாயுவின் அடையாளம் ஸ்பஷ்டமாக இருந்தது. கிராமத்துச் சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே மீத்தேன். வியாழன், சனி இவற்றின் காற்றிலும் அது உண்டு. கிரகத்தின் எடை வியாழனைப்போல் இரண்டு மடங்கு இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அது தன் நட்சத்திரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் தூரம், சூரியனை விட்டுச் சனி இருக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வயது இரண்டு கோடி வருஷம். பூமியின் வயது 450 கோடி வருஷத்துக்கு மேல் என்பதால், அதை இன்னும் தொட்டிலிலுள்ள குழந்தை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு கொதிக்கிறது, 400 டிகிரி சூடு.

அந்த நட்சத்திரத்தை நீங்களும் பார்க்கலாம். தை மாதத்தில், அமாவாசையை ஒட்டி, இரவு எட்டு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போங்கள். தலைக்கு மேலே செந்நிறமாக ஜொலிக்கும் ரோகிணி எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய ஒரு சாண் நீட்டிய கையால் அளந்தால் அந்த இடம் வரும். வேட்டைக்காரன் கூட்டத்தின் காலிலுள்ள வெள்ளை நட்சத்திரமான ரைஜலுக்கு மேற்கே, கொஞ்சம் மேலே தள்ளி. மங்கலான நட்சத்திரம். சென்னை, மதுரை வெளிச்சத்தில் தெரியாது. கிராமத்து இருட்டில், கண்ணுக்கு நல்ல கூர்மை இருந்தால் தெரியும். கிரகத்தை மட்டும் தேட வேண்டாம்!

நல்ல ஆரம்பம்தான். ஆனால் நடந்தது என்ன? 2019 ஜனவரியில் 531-ஆவது நட்சத்திரத்தோடு தேடல் முடிந்தது. அத்தனை வருஷத்தில், அத்தனை இரவுகளில், புதிதாகக் கண்ட கிரகம் அந்த ஒன்றே ஒன்று. முதல் 300 நட்சத்திரங்களை வைத்துக் கணக்கெடுத்தபோது மொத்தம் ஆறு கிரகங்கள் தேறின. மற்ற ஐந்தும் முன்பே தெரிந்தவை.

மூக்கின் மேல் விரலை வைக்க வேண்டாம். இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு விடைதான். அந்த ஆறும் சூரியனைவிடக் கனமான நட்சத்திரங்களையே சுற்றின. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில், வெளிப்புறத்தில் வியாழனைவிடப் பல மடங்கு கனமான கிரகங்கள் அபூர்வம் என்று இதனால் தெரிந்தது. ஆனால் நம் வியாழனைப் போன்ற, ஓரளவு ஆறிப்போன, நட்சத்திரத்துக்குக் கிட்டே இருக்கும் கிரகம் ஒன்று அங்கே இருந்தால்? அது இந்தக் கருவிக்குத் தெரிந்திருக்காது. ‘இல்லை’ என்பது வேறு, ‘எனக்குத் தெரியவில்லை’ என்பது வேறு அல்லவா? இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் கருவி மேலும் கூர்மையாக வேண்டும்.

கருவியின் குறைகள் என்ன என்பதும் அந்த வருஷங்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்துபோயிற்று. எனக்கு மிகவும் பிடித்தது குளிர்சாதனக் கதை. காமிராவைக் கடுங்குளிரில் வைக்க அதனுள்ளே குளிர்விக்கும் யந்திரங்கள் உண்டு. வீட்டு ஃபிரிஜ் இரவில் உறுமுவது தெரியும் அல்லவா? அந்த மாதிரி உறுமல்தான். விநாடிக்கு 60 அதிர்வு. அது கருவியோடு நிற்காமல் மேலே ஏறி, எட்டு மீட்டர் ராட்சசக் கண்ணாடியையே கிடுகிடுக்க வைத்துவிட்டது! நட்சத்திரம் நடுங்கியதற்கு இந்தத் தடவை காற்றின்மேல் பழி போட முடியவில்லை. யந்திரங்கள் ஒன்றுக்கொன்று எதிராக அதிரும்படி செய்தும், கணக்கிலே அந்த நடுக்கத்தை எதிர்பார்த்துக் கழித்தும் சமாளித்தார்கள்.

இன்னொன்று, சூடு. பகல் வெயிலை வாங்கிக்கொண்ட மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடுவதுபோல், ராட்சசக் கண்ணாடியும் சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்துவிட்டால் அதன் முகத்துக்கு நேரேயே தோசைக்கல் ஆட்டம் ஆரம்பமாகிவிடும். மலைக்கு மேலே வெகு உயரத்தில் அடிக்கும் வேகமான காற்று வேறு. விநாடிக்கு ஆயிரம் தடவை நெளிந்தும், அளந்து முடித்துக் கண்ணாடியை நெளிப்பதற்குள் காற்று ஒரு கணம் முந்திக்கொள்கிறது. நட்சத்திரத்தைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி ஒரு பூச்சு விழுகிறது. பொட்டு மாதிரி இருக்கும் கிரகங்கள் அந்த இறக்கைக்குள் அகப்பட்டுக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் சங்கடம். தூறல் போடும்போது பணியாரக் கல்லை முற்றத்தில் வைத்து, ஒவ்வொரு குழியிலும் எத்தனை சொட்டு விழுந்தது என்று எண்ணச் சொன்னால் என்ன ஆகும்? மழை பலமாக இருந்தால் எண்ணலாம். தூறலாக இருந்தால் பாதிக் குழிகள் காலியாக இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி பலத்த மழை. மங்கலான நட்சத்திரம் வெறும் தூறல். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் குழிக்குக் குழி போதுமான ஒளி விழாது. ஒற்றனுக்குக் கண் தெரியாவிட்டால் கண்ணாடி எப்படி நெளியும்? ஆகவே மங்கலான நட்சத்திரங்களை எல்லாம் இந்தக் கருவி ஒதுக்கிவிட வேண்டியதாயிற்று. கிரகங்கள் இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் பச்சிளம் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை மங்கலானவை. தொட்டில்களைத் தேடிப் போனவர்கள் தொட்டில் இருக்கும் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாத கதை.

இந்த நிலைமையில் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யலாம். ஆனால் நல்ல பித்தளை அண்டாவின் அடி தேய்ந்தால் யாராவது அண்டாவைத் தூக்கி எறிவார்களா? அடி மாற்றி ஈயம் பூசி எடுத்துக்கொள்வதுதானே நம் பாட்டிமார் வழக்கம்? விஞ்ஞானிகளும் அதையே செய்தார்கள். 2020-ல் கருவியை டெலஸ்கோப்பிலிருந்து கழற்றினார்கள். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட வருஷம் அது. கருவியும் சிலியிலேயே காத்துக் கிடந்தது. 2022-ல் அமெரிக்காவின் நோட்டர் டேம் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜெஃப்ரி சில்கோட் என்பவரின் தலைமையில் அதன் குடலை உருவிப் பிரித்தார்கள்.

முதலில் போனது பணியாரக் கல். அதன் இடத்தில் வந்தது ஒரு குட்டிக் கண்ணாடிக் கோபுரம். எகிப்து தேசத்துப் பிரமிடு போல நான்கு பக்கம் சரிந்தது. இத்தாலியரான ரொபெர்தோ ரகத்ஸோனி 1996-ல் சொன்ன யோசனை. நட்சத்திரத்தின் ஒளியைக் குவித்து, சரியாக அந்தக் கூம்பின் நுனியில் விழச் செய்கிறார்கள். ஒளி நான்கு பக்கமும் வழிந்து நான்கு படங்களாகும். காற்று கோணலாக்காமல் இருந்தால் நான்கும் ஒரே பிரகாசம். எங்கேயாவது கோணல் இருந்தால், அந்த இடத்தில் ஒரு படம் வெளுக்கும், எதிர்ப்படம் கறுக்கும். அக்கா தங்கை நால்வருக்கு நெய்யைப் பங்கிட்டு ஊற்றினால் யாருக்கு ஒரு சொட்டு குறைந்தது என்று உடனே தெரிந்துவிடுவதில்லையா? அந்தச் சாமர்த்தியம் இதற்கு உண்டு. ஆயிரம் குழிகளில் எண்ணுவதைவிட நான்கு படங்களை ஒப்பிடுவதில் ஒளி வீணாவது குறைவு.

கூடவே ஒரு புதுக் காமிரா. ஒளி என்பது கடைசியில் துளித்துளியாக வருவதுதான். ஒற்றைத் துளி விழுந்தாலும் அதை மின்சாரத்தால் பெருக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் காமிரா இது. கம்ப்யூட்டரும் மாறியது, விநாடிக்கு ஆயிரம் என்பதை இரண்டாயிரமாக்குவது நோக்கம். நட்சத்திரத்தை மறைக்கும் மறைப்புகளையும், இன்னும் கிட்டே நெருங்கிப் பார்க்கும்படி புதிதாக வெட்டினார்கள். 64 புள்ளிக் கோலத்தை மட்டும் மாற்றவில்லை.

இந்தப் புது வேஷத்தோடு பழைய மலைக்கே அனுப்புவதற்காக இதைச் செய்யவில்லை. ஜெமினி என்றால் இரட்டையர். சிலியில் இருக்கும் டெலஸ்கோப்புக்கு அச்சு அசலாக ஒரு சகோதரி, ஹவாய்த் தீவில் மௌனா கேயா மலையில், ஏறக்குறைய 13,800 அடி உயரத்தில் இருக்கிறாள். ஜெமினி நார்த் என்று பெயர். ஹவாய் மக்களுக்கு அந்தச் சிகரம் புனிதமானது. புதிய டெலஸ்கோப் ஒன்றை அங்கே கட்டக் கூடாது என்று 2015-லும் 2019-லும் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை நம் தேசத்தில் மலைக்கு மேல் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருக்கும் டெலஸ்கோப்பில் பழைய கருவியைப் புதுப்பித்து மாட்டுவதில் அந்தத் தகராறு இல்லை.

ஹவாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்றுத்தான். மௌனா கேயாவுக்கு மேலே காற்று நிதானமாக மாறுகிறது. கண்ணாடிக்கு நெளிந்து முடிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இன்னொரு காரணம் நம் ரோகிணி, கார்த்திகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரிஷப ராசியில், ரோகிணிக்குப் பின்னால் வெகு தூரத்தில், சுமார் 450 ஒளியாண்டுக்கு அப்பால், புகைமண்டலம் மாதிரி வாயுவும் தூசியும் பரவிக் கிடக்கின்றன. அதற்குள் பிறந்து பத்து இருபது லட்சம் வருஷமே ஆன நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கருவி முன்பு ஒதுக்க வேண்டியிருந்த மங்கலான தொட்டில் வீடுகள் இவைதாம். சிலியிலிருந்து பார்த்தால் ரிஷபம் வடக்கே தாழ்வாக வந்து, அதிகமான காற்றின் வழியே தெரிந்துவிட்டுப் போகும். மௌனா கேயாவிலோ அது ஏறக்குறைய உச்சந்தலைக்கே வருகிறது.